கைமாறும் கோப்புகளும் கைநழுவும் பாதுகாப்பும்

தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்திருக்கிறது வத்தல்மலை. பெரியூர், பால்சிலம்பு போன்ற சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமையும் கேழ்வரகும் காபியும் மிளகும் அவர்களது வாழ்வாதாரம். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை அங்கு சென்று வருவது எனது வழக்கம்.

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், அங்குள்ள தேநீர்க் கடையின் வாசலில் இளைஞர்கள் ஐந்தாறு பேர் கைப்பேசிகளை நெருக்கமாக வைத்தபடி அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் அன்று காலை தருமபுரிக்குச் சென்று வந்தவர். அங்கு பதிவிறக்கம் செய்த ஒரு திரைப்படம், போட்டித் தேர்வுக்கான சில பாடக் குறிப்புகள், ஒரு விளையாட்டுச் செயலி ஆகிய மூன்றையும் மற்றவர்களுக்கு வழங்கிக் கொண்டிருந்தார். எந்தச் செயலி வழியாக அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். 'ஷேர்இட்' என்றார். அதை அரசு தடை செய்துவிட்டதே என்றேன். "பிளே ஸ்டோர்லதான் சார் தடை. எங்க போன்ல இல்லையே" என்று சிரித்தார்.

விளையாட்டாகச் சொல்லப்பட்ட அந்தப் பதிலில், நமது இணையப் பாதுகாப்புக் கொள்கையின் பெரியதொரு ஓட்டை வெளிப்படுகிறது. 2020 ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 59 சீனச் செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. டிக்டாக் பற்றி நாடே பேசியது. ஆனால், அதே பட்டியலில் ஷேர்இட், ஸெண்டர், இ.எஸ். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆகிய கோப்புப் பகிர்வுச் செயலிகளும், ஆவணங்களைப் படமெடுக்கும் கேம்ஸ்கேனர் செயலியும் இடம்பெற்றிருந்தது பலரது நினைவில் இல்லை. கடையை மூடிவிட்டால் சரக்கு மறைந்துவிடும் என்று அரசு கருதியது. இந்தச் சரக்கோ கடையே தேவையில்லாமல் ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொரு கைப்பேசிக்குத் தானாகவே தாவக்கூடியது.

மலைவாழ் இளைஞர்கள் அறியாமையால் இத்தகைய செயலிகளைப் பயன்படுத்துகின்றனர் என்று எண்ணுவது தவறு. அதன் பின்னால் தெளிவான பொருளாதாரக் கணக்கு இருக்கிறது. அலைவரிசை நிலையாகக் கிடைக்காத இடத்தில் ஒரு பெரிய கோப்பை ஒருவர் பதிவிறக்கம் செய்து பத்துப் பேருக்கு வழங்கினால், ஒன்பது பேரின் நேரமும் கட்டணமும் மிச்சமாகிறது. கைப்பேசிகள் இரண்டும் தமக்குள் நேரடியாக ஒரு வைஃபை இணைப்பை ஏற்படுத்திக் கொள்கின்றன, இணையம் தேவையில்லை. 2016-இல் இணையக் கட்டணம் சரிந்து விழும் வரை, நகரங்களிலும் இதுதான் நடைமுறை. வத்தல்மலை போன்ற இடங்களில் அந்தத் தேவை இன்னும் நீடிக்கிறது. தேவை நீடிக்கும் வரை தடை வெல்லாது என்பது பொருளாதாரத்தின் முதல் பாடம்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? வழக்கமான முறையில், நமது கோப்பு ஒரு நிறுவனத்தின் வழங்கிக் கணினிக்குச் சென்று, அங்கிருந்து மற்றவரை அடைகிறது. நேரடிப் பகிர்வு முறையில் இடையில் யாரும் இல்லை. நமது கணினியோ கைப்பேசியோதான் வழங்கியாக மாறுகிறது. அதாவது, வெளியிலிருந்து வருபவர்களுக்காக ஒரு கதவைத் திறந்து வைக்கிறோம். அந்தக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும், யாருக்கெல்லாம் திறக்கும், எந்த அறை வரை அனுமதிக்கும் என்பதைச் செயலியை எழுதியவர் தீர்மானிக்கிறார். வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை.

இதன் வரலாறு நமக்குப் பல உண்மைகளைச் சொல்கிறது. 1999-இல் தோன்றிய நாப்ஸ்டர் இசைக் கோப்புப் பகிர்வு, பதிப்புரிமை வழக்கால் 2001-இல் முடங்கியது. அதன் வழித்தோன்றல்களாக நுட்டெல்லா, காசா, லைம்வயர், பிட்டோரண்ட் ஆகியவை வந்தன. 2000-ஆம் ஆண்டில் நுட்டெல்லாவை ஆராய்ந்த ஜெராக்ஸ் ஆய்வுக் கூடத்தின் அறிஞர்கள் இருவர், அதன் பயனாளர்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எதையும் பிறருக்குத் தருவதில்லை, பெறுவதோடு நின்றுவிடுகின்றனர் என்று கண்டறிந்தனர். பொருளியலில் இதை இலவசப் பயணியின் சிக்கல் என்போம். ஊர்க் கிணற்றுத் தூர்வாரலுக்குப் பணம் தராமல் தண்ணீர் மட்டும் எடுத்துச் செல்பவரின் கதை இது.

பகிர்வோர் இல்லையென்றால் வலையமைப்பு வாழாது. ஆகவே, இத்தகைய மென்பொருள்கள் பலவும் பயனாளர் கேட்காமலேயே பகிரும்படி வடிவமைக்கப்பட்டன. அதன் விளைவு 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் அம்பலமானது. காசா மென்பொருளைப் பயன்படுத்திய 12 பேரிடம், உங்கள் கணினியில் எந்தக் கோப்புகள் இப்போது உலகுக்குத் திறந்திருக்கின்றன என்று கேட்டபோது, இருவர் மட்டுமே சரியாகச் சொன்னார்கள். 2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், ஏறத்தாழ 100 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவற்றின் வாடிக்கையாளர்கள், ஊழியர்கள் பற்றிய தனிப்பட்ட விவரங்கள் இத்தகைய வலையமைப்புகளில் கசிந்து கிடந்தன. 2011-இல், பயனாளர் அறியாமலேயே கோப்புகள் பகிரப்படும் வகையில் செயலியை அமைத்ததாக ஃப்ராஸ்ட்வயர் நிறுவனத்தின் மீது அதே ஆணையம் நடவடிக்கை எடுத்தது. தாராள மனம் இல்லாத மனிதர்களைத் தாராளமாக்க முயன்ற வடிவமைப்பு, இறுதியில் அவர்களது பெட்டகத்தையே திறந்து வைத்தது.

கைப்பேசிக் காலத்தில் இந்த ஆபத்து நமது நாட்டு மக்களின் சட்டைப் பைக்கே வந்துவிட்டது. 10 கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் நிறுவப்பட்டிருந்த இ.எஸ். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் செயலி, ஒருமுறை திறக்கப்பட்டாலே 59777 என்ற எண்ணுள்ள வாயிலைத் திறந்து வைக்கிறது என்பதை 2019 ஜனவரியில் பிரெஞ்சு ஆய்வாளர் ஒருவர் வெளிப்படுத்தினார். அதே வைஃபை இணைப்பில் இருக்கும் எவரும் அந்த வாயில் வழியாகக் கைப்பேசியிலுள்ள படங்களையும் கோப்புகளையும் எடுத்துச் செல்ல முடிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஷேர்இட் செயலியிலும் அனுமதி இல்லாமல் கோப்புகளைப் பறிக்கக்கூடிய குறைகள் இருந்தது வெளியானது.

2021 பிப்ரவரியில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் மேலும் கடுமையான செய்தியைச் சொன்னது. உலகெங்கும் 100 கோடிக்கும் மேல் பதிவிறக்கம் செய்யப்பட்ட ஷேர்இட் செயலியின் குறைகளைப் பயன்படுத்தி, கைப்பேசியில் அன்னியர் தமது நிரலை இயக்க முடியும் என்றது. மூன்று மாதங்களுக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்தும் பதில் வராததால் வெளியிடுவதாகவும் கூறியது. அதன் பிறகுதான் குறைகளைச் சரிசெய்துவிட்டதாக நிறுவனம் அறிவித்தது.

இங்கேதான் வத்தல்மலை இளைஞரின் சிரிப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது. இந்தக் குறைகள் வெளியானது இந்தியத் தடைக்கு எட்டு மாதங்களுக்குப் பிறகு. திருத்தப்பட்ட பதிப்பு அதிகாரபூர்வ அங்காடி வழியாக உலகின் மற்ற நாடுகளுக்குச் சென்றது. இந்தியாவில் அந்த அங்காடிக் கதவு மூடப்பட்டிருந்தது. ஏற்கெனவே கைப்பேசியில் இருந்த பழைய பிரதியும், அதிலிருந்து கைமாறிய நகல்களும் பழுதுடனேயே உலவின. தடை செய்யப்பட்ட செயலியை நீக்காமல் வைத்திருப்பவர், தடைக்கு முன்பு இருந்ததைக் காட்டிலும் பாதுகாப்பற்றவராகிறார். நாட்டின் இறையாண்மையைக் காக்க எடுத்த நடவடிக்கை, மலையுச்சியில் இருக்கும் குடிமகனை முன்னிலும் அதிக ஆபத்தில் நிறுத்தியிருக்கிறது. தடை கூடாது என்பதல்ல என் வாதம். மாற்று எது, பழையதை எப்படி நீக்குவது என்பதை மக்களின் மொழியில் சொல்லாத தடை முழுமையற்றது என்கிறேன்.

மற்றோர் ஆபத்து இதைவிட அன்றாடமானது. சென்ற ஆண்டு அதே மலையில் எனக்கு நெடுநாள் பழக்கமான விவசாயி ஒருவர் தமது இழப்பைச் சொன்னார். பிரதமரின் விவசாயிகள் உதவித்தொகைக்கான செயலி என்ற பெயரில் அவரது வாட்ஸ்ஆப்புக்கு ஒரு கோப்பு வந்தது. அனுப்பியவர் அவரது சொந்த மைத்துனர். ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வரும் அந்தத் தொகையில் ஒரு தவணை அவருக்கு நின்று போயிருந்தது. ஐயப்படக் காரணம் இல்லை. கோப்பைத் திறந்து நிறுவினார். அடுத்த இரண்டு நாள்களில், மிளகு விற்றுச் சேர்த்து வைத்திருந்த பணம் கணக்கிலிருந்து போய்விட்டது. மைத்துனரிடம் கேட்டபோது, தாம் எதையுமே அனுப்பவில்லை என்று அவர் கலங்கினார். அவரது கைப்பேசியும் அதே கோப்பால் ஏற்கெனவே கைப்பற்றப்பட்டிருந்தது.

இது தனியொருவரின் கதை அன்று. 'ஏபிகே' எனப்படும் செயலிக் கோப்புகள் திருமண அழைப்பிதழாகவும், போக்குவரத்து அபராதச் சீட்டாகவும், வங்கி அறிவிப்பாகவும் வேடமிட்டு வருவது குறித்துப் பல மாநிலங்களின் காவல்துறை எச்சரித்துள்ளது. விவசாயிகள் உதவித்தொகைப் பெயரிலான மோசடி பற்றித் தமிழ்நாடு இணையவழிக் குற்றப்பிரிவும் எச்சரித்திருக்கிறது. நிறுவியதும் அச்செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் மோசடிக்காரரிடம் போய்விடும். பின்னர் அதுவே தொடர்புப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொள்ளும்.

வத்தல்மலையில் இது எளிதில் பரவுவதற்குக் காரணம் உண்டு. செயலி என்பது அங்காடியிலிருந்து வருவது என்ற பழக்கமே அங்கு பலருக்கு இல்லை. நண்பரின் கைப்பேசியிலிருந்து வருவதுதான் செயலி. தெரியாத இடத்திலிருந்து வரும் செயலிகளை நிறுவ அனுமதிக்கவா என்று கைப்பேசி கேட்கும்போது, ஆம் என்று அழுத்துவது அவர்களுக்கு இயல்பாகிவிட்டது. நேரடிப் பகிர்வுக்காக ஒருமுறை தளர்த்திய அந்தத் தாழ்ப்பாளின் வழியாகவே மோசடிக் கோப்பும் நுழைகிறது. இரண்டையும் தனித்தனிச் சிக்கல்களாகப் பார்ப்பதால்தான் நமது விழிப்புணர்வுப் பிரசாரங்கள் பலனளிப்பதில்லை.

அந்த விவசாயிக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறால் நேரும் இழப்புக்கு வாடிக்கையாளர் பொறுப்பில்லை. வங்கியோ வாடிக்கையாளரோ அல்லாத மூன்றாவது இடத்தில் நேர்ந்த குறையாக இருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தாலும் முழுப் பாதுகாப்பு உண்டு. ஆனால், வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். செயலியை நிறுவியது நீங்கள்தானே என்று ஒரே கேள்வியில் அவரது கோரிக்கையை முடித்துவிட்டார்கள். மலையில் அலைவரிசை இல்லாததால் பணம் போன குறுஞ்செய்தியே அவருக்குத் தாமதமாகத்தான் வந்தது என்பது யார் கணக்கிலும் சேரவில்லை.

கவனக்குறைவு என்ற சொல்லின் மீது எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. ஒரு பொருளின் தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியமாட்டார் என்னும் நிலையில் சந்தை எவ்வாறு சீர்குலையும் என்பதை 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் விளக்கினார். அதற்காக 2001-இல் நோபல் பரிசு பெற்றார். பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்ட அந்த ஆய்வு, இன்றைய செயலிச் சந்தைக்கு அப்படியே பொருந்தும். ஒரு செயலி எந்த வாயிலைத் திறக்கிறது என்பதைப் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற என்னாலும் கண்டறிய முடியாது. அதை மலை விவசாயியிடம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் 2001-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இணையப் பாதுகாப்புத் தோல்விகளுக்குத் தொழில்நுட்பக் குறைபாட்டைப் போலவே தவறான ஊக்குவிப்புகளும் காரணம் என்று வாதிட்டார். பாதுகாப்பை உறுதிசெய்யும் ஆற்றல் உள்ளவர் ஒருவராகவும், அது தவறும்போது இழப்பைச் சுமப்பவர் வேறொருவராகவும் இருந்தால், முன்னவர் அதில் அக்கறை காட்டமாட்டார். ஆலைக் கழிவை ஆற்றில் விடுபவருக்கும், கீழ்ப்பகுதியில் அந்த நீரைக் குடிப்பவருக்கும் உள்ள உறவு இது. செயலி நிறுவனம் விளம்பர வருவாயைப் பெறுகிறது. வங்கி இணையவழிச் சேவையால் செலவைக் குறைக்கிறது. இழப்பு மட்டும் மலையுச்சிக்குச் செல்கிறது.

இதைச் சீனச் செயலிகளின் சிக்கல் என்று சுருக்குவதும் தவறு. கூகுள் நிறுவனத்தின் குயிக் ஷேர் மென்பொருளில் 10 குறைகள் இருந்ததை 2024 ஆகஸ்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆப்பிளின் ஏர்டிராப் வசதி, அனுப்புபவரின் தொலைபேசி எண்ணைக் கசியவிடக்கூடும் என்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் ஒரே குறை, 2023-இல் உலகெங்கும் 2,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் தகவல்களைத் திருடர்களிடம் சேர்த்தது. ஆகவே, செயலி எந்த நாட்டினுடையது என்பதோடு, குறை தெரிந்ததும் அதைச் சரிசெய்யும் கடப்பாடு அதற்கு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

நேரடித் தொடர்பு என்ற நுட்பத்தையே அஞ்சி ஒதுக்குவதும் அறிவுடைமை ஆகாது. பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி, 2023 மே மாதத்தில் பிரையார், எலிமென்ட் உள்ளிட்ட 14 செயலிகளை மத்திய அரசு முடக்கியது. பாதுகாப்பு அமைப்புகளின் கவலையை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால், புயலிலும் வெள்ளத்திலும் கோபுரங்கள் சாயும்போது, கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி தாவும் வசதியே உயிர்காக்கும் வழியாகலாம். அலைவரிசை எட்டாத மலைக் கிராமத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வகையில் அத்தகைய நாள்தான்.

என்ன செய்யலாம்? முதலில் தேவையைக் குறைக்க வேண்டும். அலைவரிசை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை வழங்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனமும் ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பணியில் உள்ளது. இவற்றை வேகம் பற்றிய திட்டங்களாக மட்டும் பார்க்காமல், பாதுகாப்புத் திட்டங்களாகவும் கருதி மலைப்பகுதிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

இரண்டாவதாக, நம்பகமான உள்ளூர்ப் பகிர்வு நிலையம் ஒன்றை ஏற்படுத்தலாம். மலைக் கிராமத்துப் பள்ளியிலோ நூலகத்திலோ இ-சேவை மையத்திலோ ஒரு சிறிய வழங்கிக் கணினியை வைத்து, பாடங்கள், அரசுச் செயலிகள், அவற்றின் புதிய பதிப்புகள் ஆகியவற்றைச் சரிபார்த்து உள்ளூர் வைஃபையில் இலவசமாகத் தரலாம். நியாயவிலைக் கடை வைத்து அரிசிச் சந்தையை நெறிப்படுத்தத் தெரிந்த மாநிலத்துக்கு இது பெரிய காரியமில்லை.

மூன்றாவதாக, கவனக்குறைவு என்பதற்கான வரையறையை ரிசர்வ் வங்கி மறுஆய்வு செய்ய வேண்டும். ஆண்டு முழுதும் சில நூறு ரூபாய் மட்டுமே அனுப்பும் கணக்கிலிருந்து ஒரே இரவில் சேமிப்பு முழுதும் வெளியேறினால், அதை ஐயத்துக்குரியதாக அடையாளம் காணும் ஆற்றல் வங்கிக்குத்தான் உண்டு. ஆற்றல் உள்ள இடத்தில் பொறுப்பும் இருக்க வேண்டும்.

நான்காவதாக, ஆவணங்கள் கைமாறும் இடங்களைக் கவனிக்க வேண்டும். பழங்குடிச் சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை நகலெடுக்க மலையிலிருந்து இறங்குபவர், ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்ஆப் எண்ணுக்கு அவற்றை அனுப்புகிறார். அந்தக் கணினியில் அவை எத்தனை ஆண்டுகள் கிடக்கும் என்று எவருக்கும் தெரியாது. தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இவை பெருநிறுவனங்களோடு நின்றுவிடாமல் தெருமுனைக் கடை வரை எளிய வழிகாட்டுதலாகவேனும் வந்து சேர வேண்டும்.

வாசகர்கள் தாமாகச் செய்யக்கூடியவையும் உண்டு. தடை செய்யப்பட்ட பகிர்வுச் செயலிகள் கைப்பேசியில் இருந்தால் இன்றே நீக்கிவிடலாம். கைப்பேசியிலேயே உள்ள பகிர்வு வசதியைப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். படங்களையும் பாடங்களையும் பகிரலாம். செயலிகளை மட்டும் ஒருபோதும் கைமாற்றாக வாங்கக் கூடாது. ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட நகல் போதுமான இடங்களில் அதையே தரலாம். பணம் போய்விட்டால் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இவற்றை அன்று அந்த இளைஞர்களிடமும் சொன்னேன். அவர்களுள் ஒருவர் அப்போதே செயலியை நீக்கினார். மற்றவர்கள், "அப்ப படம் எப்படி சார் அனுப்புறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கைப்பேசியில் உள்ள வசதியை எடுத்துக் காட்டிய பிறகுதான் அவர்களும் நீக்கினர்.

அருகில் அமர்ந்து கேட்டுக் கொண்டிருந்த முதியவர் ஒருவர், தம் ஊரில் சாமை விதையைக் கடன் வாங்கும் வழக்கத்தைப் பற்றிச் சொன்னார். உறவினரிடம் வாங்கினாலும் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, ஊதிப் பார்த்த பிறகே மூட்டை கட்டுவார்களாம். கொடுப்பவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. விதையைப் பார்க்கக் கண் போதும். செயலியைப் பார்க்கும் கண்ணை மக்களுக்குத் தரும் கடமை அரசுக்கும், வங்கிகளுக்கும், அந்தச் செயலிகளால் பொருளீட்டும் நிறுவனங்களுக்கும் உண்டு. அதுவரை, இழந்தவரைக் குற்றவாளியாக்கும் வழக்கத்தையாவது நாம் நிறுத்திக்கொள்வோம்.